லாட் எண் என்றால் எந்த லாட்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மெர்ச்சண்டைசர்களும் (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்) ஸ்டோர்காரர்களும் கேட்பதற்கு எங்கள் இஆர்பி மென்பொருளிலிருந்து (நிறுவனத்தின் ஆர்டர், சரக்குக் கணக்குகள் இருக்கும் மென்பொருள்) பதில் எடுத்துத் தரும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை 3 மாதங்களாக உருவாக்கி வருகிறேன். அதற்கு 14 கருவிகள், அதாவது அது அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல்கள், கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டினால் சரியாக வேலை செய்கிறது. ஏஜென்ட் கையில் கொடுத்தால் தடுமாறுகிறது. சாய லாட்டைக் கேட்டால் நூல் லாட்டைத் தேடிவிட்டு 'இல்லை' என்கிறது. காலையில் வந்து இறங்கிய துணியை 'இன்னும் வரவில்லை' என்கிறது. (எங்கள் ஸ்டோரில் டிசிக்களை, அதாவது டெலிவரி சலான்களை, மாலை 6 மணிக்கு மேல்தான் மென்பொருளில் ஏற்றுகிறார்கள்.) போன வாரம் ஒரு மெர்ச்சண்டைசர் 'அந்த ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க' என்று எழுத, ஏஜென்ட் ஆர்டரையே ரத்து செய்துவிட்டது. நல்ல வேளையாக அது சோதனைத் தரவுத்தளம். ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலை விட்டு இதைவிடப் பெரிய மாடலுக்கு மாறலாமா? கருவிகளின் விளக்கங்களைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? கருவிகளின் பட்டியலையும் அவற்றில் நான்கின் விளக்கங்களையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு விளக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறை படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை என்பதிலேயே உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இருக்கிறது. 'லாட் விவரங்களைப் பெறும்', 'இருப்பைக் காட்டும்', 'டிசி தேடல்', 'ஆர்டரை ரத்து செய்யும்' என்று முடிந்துவிடும் இந்த வரிகளை எழுதும்போது உங்களுக்குத் தெரிந்திருந்த அத்தனையும் உங்களிடமே தங்கிவிட்டன. மாடலை மாற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

ஏஜென்ட் ஒரு கருவியை எப்படி அறிந்துகொள்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கருவிக்குள் நீங்கள் எழுதிய நிரலில் ஒரு வரியைக்கூட மாடல் பார்ப்பதில்லை. உங்கள் தரவுத்தளத்தின் அட்டவணைகளையும் பார்ப்பதில்லை. பயனரின் கேள்வியோடு சேர்த்து, கருவியின் பெயர், அதன் விளக்கம், அது கேட்கும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றும் எழுத்தாக அதனிடம் போகின்றன. அவற்றைப் படித்துவிட்டு, 'இந்தப் பெயருள்ள கருவியை இந்த மதிப்புகளோடு அழையுங்கள்' என்ற கோரிக்கையை மட்டும் அது எழுதித் தருகிறது. கருவியை ஓட்டுவது உங்கள் நிரல். ஓட்டிக் கிடைத்த முடிவும் மாடலிடம் எழுத்தாகத்தான் திரும்பிப் போகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ இந்த வசதியைத் தன் ஏபிஐயில் (பிற நிரல்கள் மாடலை அழைக்கும் வழி) கொண்டுவந்தபோதும் இப்படித்தான் இருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் பெயர், விளக்கம், ஜேசன் ஸ்கீமா (தரவின் அமைப்பை வரையறுக்கும் முறை) வடிவில் உள்ளீடுகள் என்ற அமைப்பே தொடர்கிறது.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒப்பான ஒரு காகிதம் இருக்கிறது. கிரே துணி (சாயமேற்றாத துணி) சாயப்பட்டறைக்குப் போகும்போது கூடவே போகும் டெலிவரி சலானை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடையை வாங்கும் பையர் யார், ஆர்டர் எப்போது கப்பல் ஏற வேண்டும், இதற்கு முன் போன துணியில் என்ன தகராறு நடந்தது என்பதெல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியாது. எத்தனை கிலோ, என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), என்ன டயா (விட்டம்), என்ன நிறம் என்று அந்தத் தாளில் எழுதியிருப்பதே அவர் அறிந்தது. நிறம் என்ற இடத்தில் வெறுமனே 'நீலம்' என்று எழுதி, லேப் டிப் துண்டும் (நிறத்துக்கான சாய மாதிரித் துணி) இணைக்காமல் யாராவது அனுப்புவார்களா? அப்படி அனுப்பினாலும் பட்டறைக்காரர் போனை எடுத்து, 'எந்த நீலமுங்க?' என்று கேட்டுவிடுவார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. கேட்கச் சொல்லி நீங்கள் எழுதி வைத்தால் ஒழிய, கைக்கு எட்டிய நீலத்தில் முக்கி எடுத்துத் தந்துவிடும்.

இப்போது லாட் கருவிக்கு வருவோம். திருப்பூரில் இந்தச் சொல்லுக்குக் குறைந்தது இரண்டு பொருள் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நூல் மில் மூட்டையின் மேல் குறித்து அனுப்புவது ஒரு லாட் எண். வெவ்வேறு லாட் நூல்கள் கலந்து பின்னப்பட்டால் சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும் என்பதால், ஸ்டோர்காரருக்கும் நிட்டிங் ஆட்களுக்கும் அந்த எண் முக்கியம். சாயப்பட்டறை ஒரே தடவையில் சாயமேற்றிய துணிக்குத் தருவது இன்னொரு லாட் எண். ஒரே பனியனுக்குக் கை ஒரு லாட்டிலும் உடம்பு வேறொரு லாட்டிலும் வெட்டப்பட்டால் ஷேடு மாறித் தெரியும் என்பதால், கட்டிங் மாஸ்டர் கவலைப்படுவது அந்த எண்ணைப் பற்றி. ஸ்டோரிலிருந்து ஒருவர் 'லாட்' என்றால் ஒன்று, கட்டிங்கிலிருந்து ஒருவர் 'லாட்' என்றால் வேறொன்று. பேசுகிறவர் யார் என்பதை வைத்தே நாம் பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். உங்கள் ஏஜென்ட்டுக்கு முன்னால் 'லாட் விவரங்களைப் பெறும்' என்று ஒரு கருவியும், பெயரில் 'நூல்' என்ற சொல்லுடன் இன்னொரு கருவியும் இருக்கின்றன. எதை எடுப்பது என்று தீர்மானிக்க அதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. மாடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எழுதப்படாத ஒன்றை அது படிக்க முடியாது.

அந்தக் கருவிக்கான விளக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணியின் சாய லாட் ஒன்றின் நிலையைத் தரும். சாயத் துணி வந்ததா, எத்தனை கிலோ வந்தது, ஷேடு ஒப்புதல் ஆனதா என்று பயனர் கேட்கும்போது பயன்படுத்தவும். மில்லிலிருந்து வரும் நூல் லாட்டுக்கு இது அல்ல. அதற்கு நூல் லாட் கருவியைப் பயன்படுத்தவும். பயனர் "லாட்" என்று மட்டும் சொல்லி, நூலா சாயமா என்பது உரையாடலிலிருந்து தெரியாவிட்டால், எந்தக் கருவியையும் அழைக்காமல் அவரிடம் கேட்கவும். எடை கிலோகிராமில் வரும். ஸ்டோர் பதிவுகள் மாலை 6 மணிக்கு மேல் ஏற்றப்படுவதால் இன்று வந்த துணி இதில் இல்லாமல் இருக்கலாம். பதிவு கிடைக்காவிட்டால் "துணி வரவில்லை" என்று சொல்ல வேண்டாம். "இன்னும் பதிவாகவில்லை" என்று சொல்லி, கடைசியாகப் பதிவேறிய நேரத்தையும் குறிப்பிடவும்.'

இதில் 'என்ன செய்யும்' என்பதற்கு ஒரே வாக்கியம்தான் போயிருக்கிறது. மீதியெல்லாம் எப்போது எடுப்பது, எப்போது எடுக்கக் கூடாது, வந்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கே செலவாகியிருக்கிறது. நிரலாளர்கள் தங்களைப் போன்ற இன்னொரு நிரலாளருக்காக ஆவணம் எழுதிப் பழகியவர்கள். அந்த ஆவணத்தில் 'எப்போது எடுக்கக் கூடாது' என்று எழுதும் வழக்கம் அநேகமாக இல்லை, ஏனென்றால் படிக்கிறவர் தேவைப்பட்ட கருவியைத் தேடிக்கொண்டு வந்தவர். ஏஜென்ட் அப்படித் தேடி வருவதில்லை. 14 கருவிகளையும் ஒரே நேரத்தில் விரித்து வைத்துக்கொண்டு எது பொருந்தும் என்று பார்க்கிறது. ஆகவே பக்கத்துக் கருவியோடு எல்லை எங்கே என்பதை எழுதுவதே உங்கள் முதல் வேலை. ஒரு கருவியின் விளக்கத்தைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள்; அதனோடு குழம்பக்கூடிய இரண்டு மூன்றை அருகருகே வைத்து எழுதுங்கள்.

உங்கள் இரண்டாவது புகாருக்கும், அதாவது இறங்கிய துணியை வரவில்லை என்று சொன்னதற்கும், மேலே உள்ள விளக்கத்தின் கடைசிப் பகுதியே பதில். தரவு எந்த நேரம் வரை உண்மை என்பது உங்கள் ஸ்டோரில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். மதியம் 2 மணிக்குக் கணினியில் இல்லை என்றால் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். ஏஜென்ட்டால் எட்டிப் பார்க்க முடியாது. வெற்றுப் பட்டியல் வந்தால் 'இல்லை' என்றுதான் படிக்கும், அதுவும் மிகுந்த மரியாதையோடும் உறுதியோடும் சொல்லும்.

இதே வகையில் இன்னொரு பள்ளம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாயத்துக்கு 500 கிலோ அனுப்பி 470 கிலோ திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 கிலோ சாயமேற்றும்போது ஆகும் சேதாரமாக இருக்கலாம், அல்லது பட்டறையிலேயே இன்னும் நிற்கலாம். கருவி 'அனுப்பியது 500, வந்தது 470' என்று இரண்டு எண்களை மட்டும் திருப்பித் தந்தால், 'எத்தனை கிலோ நிக்குதுங்க?' என்ற கேள்விக்கு ஏஜென்ட் கழித்துப் பார்த்து 30 கிலோ என்று சொல்லிவிடும். கணக்கு சரி, பதில் தவறாகிவிடலாம். சேதாரம் உண்டு என்பதை விளக்கத்தில் எழுதுவது பாதித் தீர்வு. டிசி முடிக்கப்பட்டதா இல்லையா என்பதைக் கருவியே ஒரு தனிப் புலமாகத் திருப்பித் தருவதுதான் முழுத் தீர்வு. விளக்கம் எழுதத் திணறுகிற இடத்தில் பெரும்பாலும் கருவியின் வடிவமைப்பில்தான் குறை இருக்கிறது என்பது என் அனுபவம். எழுத வராவிட்டால் கருவியைத் திருத்துங்கள்.

உள்ளீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஏஜென்ட் செய்துகொடுத்தபோது, பம்புகளைத் தேடும் கருவியில் 'சைஸ்' என்று ஓர் உள்ளீடு வைத்திருந்தேன். எழுதும்போது என் மனதில் இருந்தது போர்வெல்லின் விட்டம்: 4 அங்குலம் அல்லது 6 அங்குலம். ஒரு டீலர், 'அஞ்சு ஹெச்பி சப்மெர்சிபிள் இருக்குங்களா?' என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் சைஸ் என்ற இடத்தில் 5 என்று போட்டுத் தேடியது. 5 அங்குலத்துக்கு அந்தப் பட்டியலில் பம்பே கிடையாது என்பதால் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் போய்விட்டது. குடோனில் 5 ஹெச்பி பம்புகள் அடுக்கி வைத்திருந்தன. டீலர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்; எனக்கு அது 10 நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. நிரலில் பிழைச்செய்தி எதுவும் பதிவாகவில்லை, எல்லாம் 'வெற்றி' என்றே பதிவாகியிருந்தது. அந்த ஒரு சொல்லை 'போர்வெல் விட்டம், அங்குலத்தில்' என்று மாற்றி, 4, 6 ஆகிய இரண்டு மதிப்புகளுக்கு மட்டும் இடம் கொடுத்து, 'குதிரைத்திறன்' என்று தனி உள்ளீடு வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. மாடலை நான் தொடவே இல்லை.

உங்கள் கருவிகளிலும் 'அளவு' என்ற சொல்லை நான்கு இடங்களில் பார்த்தேன். நீங்கள் துணியைக் கிலோவில் எடைபோடுகிற ஊர்க்காரர். கரூரில் திரைச்சீலைத் துணியை மீட்டரில் அளப்பார்கள். உங்கள் ஆடைகளோ ஏற்றுமதிக்குப் பீஸ் கணக்கிலும் உள்ளூர் வியாபாரத்துக்கு டஜன் கணக்கிலும் போகின்றன. அதற்கு மேல், எஸ், எம், எல் என்று ஆடையின் அளவு வேறு. ஒரே சொல் இத்தனை சுமையையும் தாங்காது. 'துணி எடை, கிலோகிராமில்', 'ஆடை எண்ணிக்கை, பீஸில். பயனர் டஜனில் சொன்னால் 12 ஆல் பெருக்கிக்கொள்ளவும்' என்று உள்ளீட்டின் பெயரிலேயும் அதன் விளக்கத்திலேயும் அலகு வந்துவிட வேண்டும். மதிப்புகள் குறிப்பிட்ட சிலவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றால், அவற்றை ஸ்கீமாவிலேயே பட்டியலிட்டுவிடுங்கள். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று உங்கள் மென்பொருளில் எந்தப் பெயர்களில் நிலைகள் பதிவாகியிருக்கின்றனவோ அதே பெயர்களை அங்கே கொடுத்துவிட்டால், 'ஸ்டிச்சிங்' என்றோ 'தையல்' என்றோ அது தானாக ஒரு பெயரைக் கண்டுபிடித்துத் தேடாது. பயனர் 'தையல்' என்று சொன்னால் அது பவர் டேபிளைக் குறிக்கும் என்பதையும் அங்கேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

டிசி தேடும் கருவியில் எண் மட்டுமே கேட்கிறீர்கள். நிதியாண்டு பிறந்ததும் டிசி எண் ஒன்றிலிருந்து தொடங்குவது பல நிறுவனங்களில் வழக்கம். உங்களிடமும் அப்படியென்றால் 412 என்ற எண்ணில் ஆண்டுக்கு ஒன்றாகப் பல டிசிக்கள் இருக்கும். நிதியாண்டை ஒரு கட்டாய உள்ளீடாக வையுங்கள். 'பயனர் ஆண்டைச் சொல்லாவிட்டால் நடப்பு நிதியாண்டு என்று கொள்ளவும், ஏப்ரல் முதல் மார்ச் வரை' என்று எழுதுங்கள். இன்றைய தேதி என்ன என்பதையும் ஏஜென்ட்டுக்கு நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். தேதி கேட்கும் இடங்களிலெல்லாம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஓர் எடுத்துக்காட்டோடு கொடுங்கள். 05-04-2025 என்பது நமக்கு ஏப்ரல் 5, உங்கள் அமெரிக்கப் பையருக்கு மே 4. ஷிப்மென்ட் தேதியில் அந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கருவி தோற்கும்போது அது திருப்பித் தரும் செய்தியும் விளக்கத்தின் நீட்சிதான். 'பிழை 400' என்று வந்தால், ஏஜென்ட் அதே உள்ளீட்டோடு மறுபடியும் முயன்று பார்க்கும், அல்லது பயனரிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கும். 'ஸ்டைல் எண் கொடுக்கப்பட்டுள்ளது. இந்தக் கருவிக்கு ஆர்டர் எண் தேவை. ஸ்டைல் எண்ணிலிருந்து ஆர்டர் எண்ணைப் பெற ஆர்டர் தேடல் கருவியைப் பயன்படுத்தவும்' என்று வந்தால் அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொள்ளும். ரிபீட் ஆர்டர்களில் ஒரே ஸ்டைல் எண்ணுக்கு, அதாவது ஒரே ஆடை வடிவத்துக்கு, பல ஆர்டர்கள் இருக்கும் என்பதால் இந்தக் குறிப்பிட்ட தவறு உங்களிடம் அடிக்கடி நடக்கும்.

ரத்து விவகாரத்தில் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று விளக்கம் சம்பந்தப்பட்டது. பயனர் கேட்டது நிறுத்தி வைக்க. உங்களிடம் நிறுத்தி வைப்பதற்கென்று கருவியே இல்லை. சரியான கருவி இல்லாதபோது, இருப்பவற்றில் நெருக்கமானதை எடுக்கும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு. எனவே ரத்து செய்யும் கருவியின் விளக்கத்தில், 'ஆர்டரை நிரந்தரமாக ரத்து செய்யும். நிறுத்தி வைத்தல், தள்ளிப்போடுதல், பேசி முடிக்கும் வரை காத்திருத்தல் ஆகியவற்றுக்கு இது அல்ல. அவற்றுக்குக் கருவி இல்லை, பயனரை மெர்ச்சண்டைசிங் மேலாளரை அணுகச் சொல்லவும்' என்று இருக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதி வைப்பது வீண் வேலையாகத் தோன்றும். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வரி வேறில்லை.

இரண்டாவது குறை விளக்கத்தால் தீராதது. 'கவனமாகப் பயன்படுத்தவும்', 'உறுதி செய்துகொண்டு அழைக்கவும்' என்று எவ்வளவு அழுத்தி எழுதினாலும் அது அறிவுரைதான், பூட்டு ஆகாது. ஆயிரம் முறை கேட்டுக்கொண்டு ஆயிரத்து ஓராவது முறை மீறலாம். திரும்பப் பெற முடியாத செயல்களை ஏஜென்ட் நேரடியாகச் செய்ய விடாதீர்கள். கருவி ஒரு ரத்துக் கோரிக்கையை மட்டும் பதிவு செய்யட்டும். அதிகாரம் உள்ள மனிதர் ஒருவர் திரையில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே உங்கள் நிரல் அதைச் செயல்படுத்தட்டும். கேட்டவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்பதையும் நிரலே சரிபார்க்க வேண்டும். எம்சிபியில் ஒரு கருவி வெறும் வாசிப்புக்கானதா, எதையாவது அழிக்கக்கூடியதா என்று குறிக்கும் வசதி உண்டு என்றாலும், அவையும் குறிப்புகள்தான் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. இதோடு சேர்த்து ஒன்று: பிறர் எழுதிய எம்சிபி கருவிகளை இணைக்கும் எண்ணம் இருந்தால், அவற்றின் விளக்கங்களை ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள். விளக்கம் என்பது மாடலின் காதில் நேராகப் போய் விழும் பேச்சு; அதற்குள் வேண்டாத கட்டளை ஒன்றை யாரும் ஒளித்து வைக்க முடியும்.

14 கருவிகள் அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பட்டியலைப் பார்த்ததால் சொல்கிறேன். நூல் இருப்பு, கிரே துணி இருப்பு, சாயத் துணி இருப்பு என்று மூன்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்விதான், பொருள் மட்டுமே வேறு. 'எந்தச் சரக்கு' என்பதை மூன்று மதிப்புள்ள உள்ளீடாக்கி ஒரே கருவியாகச் சேர்த்துவிட்டால், தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள் குறையும். அதே சமயம் ஆர்டரைப் பார்ப்பதையும் மாற்றுவதையும் ரத்து செய்வதையும் 'ஆர்டர் நிர்வாகம்' என்று ஒரே கருவியாகச் சேர்த்துவிடாதீர்கள். விளைவு வேறுபடும் இடத்தில் கருவியும் வேறுபட்டே இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கருவியின் பெயரில் உங்களுக்குத் தேர்வு இல்லை. பெரும்பாலான ஏபிஐக்கள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவற்றையே பெயரில் ஏற்கின்றன. விளக்கத்தைத் தமிழில் எழுதினாலும் இன்றைய பெரிய மாடல்கள் புரிந்துகொள்கின்றன. ஆனால் ஒரே பொருளைத் தமிழில் சொல்ல ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்கள் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டுகள்) செலவாகின்றன. விளக்கங்களோ ஒவ்வோர் அழைப்பிலும் கூடவே போகிறவை. அதனால் நான் செய்வது இது: முதலில் தமிழில் எழுதுவேன், புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசருக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல. பிறகு அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றி, தொழில்சொற்களை மட்டும் உங்கள் ஆட்கள் தட்டச்சு செய்கிற வடிவங்களிலேயே விட்டுவிடுவேன். 'டையிங்ல இருந்து துணி வந்துருச்சுங்களா', 'ராயல் ப்ளூ எத்தன கிலோ நிக்குது' என்று தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அவர்கள் கேட்கும் விதத்தில் ஒன்றிரண்டு வாக்கியங்களை எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடுங்கள். 'நிக்குது' என்றால் பாக்கி என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏஜென்ட்டுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நேரடியாக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் 'லாட் விவரங்களைப் பெறும்' என்கிற பாணியிலேயே கை போய்விடுகிறது. தமிழில் தொடங்கினால் ஒருவரிடம் பேசுகிற நினைவு வருகிறது. என் பழக்கம் இது, உங்களுக்கு வேறு வழி பொருந்தினால் அதுவே சரி.

நீளத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். நிறுவனத்தின் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை, அதாவது நிதியாண்டு, பதிவேறும் நேரம், கேட்பவர் ஸ்டோரா கட்டிங்கா என்ற விவரம் போன்றவை, ஏஜென்ட்டுக்கான பொது அறிவுறுத்தலில் ஒரு முறை வந்தால் போதும். கருவியின் விளக்கத்தில் அந்தக் கருவிக்கே உரியது மட்டும் இருக்கட்டும். சாய லாட் கருவிக்குப் பதிவேறும் நேரத்தை நான் அங்கேயே எழுதியது, அதைப் பார்க்காமல் விட்டால் வரும் தவறு பெரிது என்பதற்காகத்தான்.

எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி ஓட்டிப் பார்ப்பது. உங்கள் மெர்ச்சண்டைசர்களும் ஸ்டோர்காரர்களும் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளிலிருந்து, அவர்கள் அனுமதியோடு, 40 கேள்விகளை எழுத்துப் பிழையோடு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக உருவாக்கும் கேள்விகள் வேண்டாம். விளக்கத்தை எழுதிய அதே மனம்தான் அவற்றையும் எழுதும், எல்லாம் பாஸாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி, எந்த மதிப்புகளோடு அழைக்கப்பட வேண்டும் என்பதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அவற்றில் எட்டுப் பத்தாவது எந்தக் கருவியையும் அழைக்கக் கூடாத கேள்விகளாக இருக்கட்டும்: 'அந்த லாட் என்னாச்சுங்க?' என்பது போன்றவை, பதிலுக்கு ஏஜென்ட் திருப்பிக் கேட்க வேண்டியவை. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற உறுதி இல்லாததால் ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டுங்கள். கடைசிப் பதிலைப் பார்க்காமல், எதை அழைத்தது, என்ன மதிப்பு போட்டது என்ற பதிவைப் பாருங்கள்; என்னுடைய பம்ப் விஷயத்தில் பதில் பார்க்க நன்றாகவே இருந்தது, போட்ட மதிப்பில்தான் குற்றம். விளக்கங்களை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, 40 கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள், ஏனெனில் ஒரு கருவியின் விளக்கத்தில் சேர்த்த ஒரு வரி பக்கத்துக் கருவிக்குப் போக வேண்டிய கேள்விகளை இங்கே இழுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்கும்போது விளக்கங்களைத் தொடாமல், இப்போது இருக்கும் நிலையிலேயே அந்த 40 கேள்விகளையும் ஒரு முறை ஓட்டி எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பெரிய மாடலிலும் அதே நிலையில் ஒரு முறை ஓட்டுங்கள். லாட், டிசி கேள்விகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த இரண்டு பட்டியல்களையும், திருத்திய விளக்கங்களையும் அனுப்பினால் அடுத்த முறை அவற்றை வைத்தே பேசலாம்.